ஒத்த ஆளுக்கு எத்தனை இஞ்ச்

முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மூலைவிட்டம் என்றால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகிற கோடு என்று ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் மண்டையில் தட்டித் தட்டி ஏற்றியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் டிவி வாங்குவதற்காகச் சுவரை அளந்தபோது, அறுபத்தைந்து இஞ்சையும் படுக்கைவாட்டில் அளந்து வைத்தேன்.

பழைய டிவியில் நடுவே ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. செய்தி வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் மூக்கு அந்தக் கோட்டில்தான் இருக்கும். பெங்களூரில் இருக்கும் மகள், "வாங்கறதுன்னா ஓஎல்இடி வாங்குங்கப்பா, கண்ணுக்கு நல்லது" என்று ஒரே மாடலில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று ஐம்பத்தைந்து, ஒன்று அறுபத்தைந்து. எந்த சைஸ் என்பதை மட்டும் நான் முடிவு செய்யவேண்டும்.

என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்கென்று போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். பிறந்த குழந்தை நடந்து, ஓடி, இப்போது போனில் என்னைப் பார்த்து "தாத்தா, ஊட்டா ஆய்த்தா" என்று கன்னடத்தில், சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறது. ஆச்சு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உப்புமா கிண்டுவேன்.

சுவரில் டிவி எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க ஒரு துணி வேண்டியிருந்தது. வேட்டியைக் கட்டலாம் என்றால் சுவரும் வெள்ளை. பீரோவைத் திறந்து அவளுடைய அரக்குச் சேலையை எடுத்து, அளவுக்கு மடித்து மாட்டினேன். அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏங்க, அங்க தொங்கறது என்னோட சேலைதானுங்களே?"

"சேலை இல்ல. அறுபத்தஞ்சு இஞ்ச் டிவி."

"ஆணி அடிச்சிருக்கீங்களா?"

"டேப்புதான். மேல ரெண்டு மூலைக்கு மட்டும் ஆணி."

மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மனைவி சிரிக்கவில்லை. "டிவிய மூலைக்கு மூலை அளக்கணும்ங்க. இத்தன வருசம் எதத்தான் சொல்லிக் குடுத்தீங்களோ, அந்தப் புள்ளைங்க பாவம்" என்றாள்.

அளவு தப்பென்று தெரிந்த பிறகும் சேலையைக் கழற்றவில்லை. அதற்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் நான் உட்கார்ந்து காப்பி குடித்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"என்னங்க வாத்தியாரே, என்ன படம் ஓடுது?"

"குடும்பப் படம்" என்றேன்.

உள்ளுக்குள் நான் அறுபத்தைந்துதான் என்று முடிவு செய்திருந்தேன். காரணம் கண்பார்வை இல்லை. அவ்வளவு பெரிய டிவியை வாங்கி வைத்தால் அவள் பார்க்க வருவாள், வந்தால் இருந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. விடை தப்பானாலும் வழிமுறைக்கு மார்க் போடுகிற வாத்தியார் நான். எனக்கே தாராளமாகப் போட்டுக்கொண்டேன்.

பென்னாகரத்தில் பஸ் மாறி தருமபுரிக்குப் போனேன். கடையில் இரண்டு டிவியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. இரண்டிலும் ஒரே மீன்.

"கருப்பப் பாருங்க சார். மத்த டிவியில கருப்புன்னா சாம்பல். இதுல சுத்தமான கருப்பு" என்றார் கடைக்காரர்.

"கரண்டு போனா எங்க வூட்லயும் சுத்தமான கருப்புதாங்க" என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்.

"வூட்ல எத்தன பேர் உக்காந்து பாப்பீங்க?"

"ரெண்டு பேர்" என்று சொன்னேன். சொன்ன கையோடு போனைப் போட்டு, மீன்களை அவளுக்குக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது. சின்னதே எடுங்க. ஒத்த ஆளுக்கு எதுக்குங்க அவ்ளோ பெருசு" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். கத்திரிக்காய் அரைக் கிலோ போதும் என்று சொல்வது போல. நான் போனைச் சத்தம் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டு, வாஷிங் மெஷின்கள் இருந்த பக்கம் ஒதுங்கினேன். இத்தனை நாளும் தமாஷாகவே கேட்டுக்கொண்டிருந்ததை நேராகக் கேட்டேன்.

"அப்ப நீ வரமாட்டியா?"

அங்கே குக்கர் விசில் கேட்டது.

"பாப்பாவ ஸ்கூல்ல சேத்தாச்சுங்க. மத்தியானம் யாரு போய்க் கூட்டியாருவா? ரெண்டு பேரும் ஆபீஸ் போயிர்றாங்க. நீங்களும் இங்க வாங்கன்னா, மாடு இருக்குது, மாமரம் இருக்குதுன்னு சொல்றீங்க." பிறகு, "சரி, பெருசே எடுங்க. லீவுக்கு நாங்கல்லாம் வர்றப்ப பாக்கலாம்" என்றாள்.

லீவு என்றால் பத்து நாள். பத்து நாளைக்காகப் பெரியது வாங்கலாமா? எங்கள் ஊரில் வாங்குவார்கள். என்றைக்கோ வரப்போகிற விசேஷத்துக்கென்று எல்லார் வீட்டுப் பரணிலும் அண்டா தூங்குகிறது. ஆனால் டிவியைப் பரணில் ஏற்ற முடியாது. தினமும் எதிரே நின்று, நாலு பேர் எங்கே என்று கேட்கும்.

திரும்பி வந்து, "சின்னதே போடுங்க" என்றேன்.

"ரெண்டு பேர்னீங்களே சார்? பெருசுன்னா உங்களுக்கு..."

"ஒருத்தர் ஊருக்குப் போயிருக்காங்க."

கடை ஆட்கள் வீட்டுக்கு வந்து டிவியை மாட்டிவிட்டுப் போனார்கள். சேலையைத் துவைத்து, இரண்டு ஆணி ஓட்டைகளையும் எனக்குத் தெரிந்த லட்சணத்தில் தைத்து, பீரோவில் அடியில் வைத்தேன். லீவுக்கு வரும்போது திட்டு உறுதி.

இப்போது தினமும் ஏழரை மணிக்கு அவள் பார்க்கிற சீரியலையே நானும் போடுகிறேன். போனைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொள்வேன். எனக்கு டிஷ்ஷில் முன்னே வந்துவிடுகிறது. அவள் இருக்கும் வீட்டில் நெட்டில் வருவதால் கொஞ்சம் பின்னே. முதல் நாள் தெரியாமல், "ஐயோ, அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன். இன்னும் விழாத பெண்ணுக்காக அவள் என்னைக் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து வாயைத் திறப்பதில்லை. நேற்று அந்த வில்லி மாமியாருக்கு ஒரு அறை விழுந்தது, சுத்தமான கருப்புப் பின்னணியில், பளிச்சென்று. எனக்குச் சிரிப்பு பொங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், பெங்களூரில் அந்த அறை விழுகிற வரைக்கும்.