பதிமூன்றாம் நம்பர் பங்கா

பம்பாயில் மஸ்காவ் பக்கம் படகு எஞ்சின்களுக்கு உதிரிச் சாமான் விற்கும் கடையில் பதினைந்து வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். வீடு மான்குர்த்தில். இத்தனை வருஷத்தில் எத்தனை புரொப்பல்லர் விற்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் போன வருஷம் வரை ஒரு படகிலும் நான் கால் வைத்ததில்லை. சான்பாடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போது, ரயில் பாலத்தின் மேலிருந்து கழிமுகத்தில் படகுகளைப் பார்ப்பேன். அவ்வளவுதான். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

மீன்பிடிக்கிறவர்கள் புரொப்பல்லரை பங்கா என்றுதான் கேட்பார்கள். அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதன் குறுக்களவு. இன்னொன்று பிட்ச், ஒரு முழுச் சுற்றில் அது தண்ணீரைத் திருகிக்கொண்டு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற அளவு. எந்த எஞ்சினுக்கு, எத்தனை அடிப் படகுக்கு, எந்த பிட்ச் என்று ஒரு அட்டவணை கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம்.

மழைக்காலம் முடிந்து படகுகள் திரும்பத் தண்ணீரில் இறங்கும் சமயத்தில் டிராம்பேயிலிருந்து ஒரு மீனவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சிமெண்டுச் சாக்கைப் பிரித்துப் பழைய பங்காவைக் கவுண்டரில் வைத்தார். மூன்று இதழ்களில் ஒன்று கல்லில் மோதி உடைந்திருந்தது. எண்கள் தேய்ந்து போயிருந்தன. இருபத்தைந்து ஹார்ஸ்பவர் எஞ்சின், பத்தொன்பது அடி ஃபைபர் படகு என்றார். பிட்ச் பதிமூன்றுள்ள பங்காவைக் கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

பத்து நாளில் திரும்பி வந்தார். அவர் பேசியது பம்பாய் இந்தி.

“தாயி, படகு எழும்ப மாட்டேங்குது. எஞ்சின் முனகுது. பெட்ரோலைக் குடிக்குது.”

தாயி என்றால் மராட்டியில் அக்கா. நான் பிளக்கைப் பாருங்கள், கார்புரேட்டரைக் கழுவச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தேன். மறு வாரம் மறுபடி வந்தார், இந்த முறை மனைவியோடு. அந்த அம்மாள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“மெக்கானிக் பாத்துட்டான். எஞ்சின்ல ஒண்ணுமில்ல. நீங்க எங்க படகைப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல. ஆனா அட்டவணையில...”

“அட்டவணை எழுதினவன் பாத்திருக்கானா?”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. “சோதிச்சுப் பாக்காமலா போட்டிருப்பாங்க? உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டேன். சொன்னதுமே தப்பு என்று தெரிந்தது. மீனவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோபப்படவில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். மான்குர்த் என்றேன்.

“அப்ப பக்கம்தான். ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே பாருங்க.”

என் கணவர் தாராவியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன், நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு.

“ஏளா, நீ பிட்ச்சு பிட்ச்சுங்கியே, அது போல்ட்டு மரை மாதிரிதான?” என்றார். “மரை அகலமா இருந்தா ஒரு சுத்துக்கு நெறைய ஏறும். ஆனா திருகுதவனுக்குக் கை வலிக்கும்.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? நீங்களும் அந்தம்மா மாதிரியே பேசாதிய.”

“நான் என்ன பேசிட்டேன்? ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கோம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவோம்.”

சனிக்கிழமை முதலாளியிடம் எஞ்சின் சுற்று பார்க்கும் மீட்டரையும், பதினொன்று ஒன்று, ஒன்பது ஒன்று என இரண்டு பங்காக்களையும் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். ஆனால் கொடுத்தார்.

நானும் கணவரும் டிராம்பே துறைக்குப் போனபோது ஓதம் ஏறித் தண்ணீர் உயர்ந்திருந்தது. படித்துறையில் இறங்கி அவர்கள் படகில் கால் வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கத்தியே விட்டேன். அந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்துப் பலகையில் உட்கார வைத்தாள். என் கணவர் மீட்டரின் ஒயரைப் பிளக் ஒயரில் சுற்றிவிட்டு, மீட்டரை என் மடியில் வைத்தார். அந்த எஞ்சினை முழு வேகத்தில் விட்டால் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தொட வேண்டும்; ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. தொடாவிட்டால் எஞ்சின் திணறுகிறது, தாண்டினால் தறிகெட்டுச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

மீனவர் முழு வேகத்தில் விட்டார். முள் ஐயாயிரத்து நூறைத் தாண்டி நின்றது.

“பாருங்க!” என்றேன். “சரியாத்தானே இருக்கு!”

மீனவர் படகைத் துறைக்குத் திருப்பினார். அந்த அம்மாள் இறங்கி, சாமான்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நனைந்த வலைகள் இரண்டு கட்டு. நங்கூரம். பெட்ரோல் கேன்கள். இரண்டு பெரிய பெட்டிகளில் ஐஸுக்குப் பதிலாக வாளி வாளியாகத் தண்ணீர். கடைசியாக, கூடவே மீன்பிடிக்கப் போகும் அவளுடைய தம்பிகள் இருவரும் ஏறினார்கள். படகின் பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்தது. தரையில் ஃபைபர் ஒட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்த ஒட்டுகளே ஒரு ஆள் கனம் இருக்கும்.

“காலியா நாங்க எப்பப் போறோம்?” என்றாள்.

திரும்ப முழு வேகம். படகின் மூக்கு மேலே தூக்கியது. எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. படகு தண்ணீரை உழுதுகொண்டு போனதே தவிர எழும்பவில்லை. முள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் நகரவில்லை. கணவர் என் காதருகே குனிந்தார்.

“பைக்குல மூணு பேர ஏத்திக்கிட்டு நாலாவது கியர்ல மேம்பாலம் ஏறுத மாதிரி இருக்குளா.”

எனக்கே தெரிந்தது. முதுகில் தெரிந்தது.

துறையில் கட்டி, எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, கணவரும் மீனவருமாகப் பங்காவைக் கழற்றினார்கள். அது சுழலாமல் இருக்க இதழுக்கு நடுவே ஒரு மரத்துண்டு. நட்டுக்குக் குறுக்கே மடக்கியிருந்த ஆணியை நிமிர்த்தி உருவி, நட்டைத் திருகி எடுத்து, கிரீஸ் தடவி ஒன்பதை மாட்டினார்கள். அதே பாரத்தோடு படகு சட்டென்று எழும்பியது. முள் ஐயாயிரத்து நானூறு. தம்பிகள் கை தட்டினார்கள். அந்த அம்மாளுக்கும் இதுவே பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

“இப்ப பாரத்தை இறக்குங்க” என்றேன்.

இறக்கிவிட்டு ஓட்டியபோது எஞ்சின் அலறியது. முள் ஐயாயிரத்து எண்ணூறு. கணவர், “போதும், போதும், கொறைங்க!” என்று தமிழிலேயே கத்தினார். மீனவருக்குப் புரிந்துவிட்டது.

“மீன் கிடைக்காத நாள்ல, ஐஸையும் கொட்டிட்டு கிட்டத்தட்ட இப்படித்தானே திரும்புவீங்க?” என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

அவள் தன் கணவரைப் பார்த்தாள். “இப்பல்லாம் அந்த மாதிரி நாள்தான் ஜாஸ்தி” என்றாள்.

கடைசியாகப் பதினொன்று. பாரத்தோடு ஐயாயிரம். பாரமில்லாமல் ஐயாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று முன்னால் முள் நின்றது. பாரத்தோடு போனபோது ஒரு கணம் மூக்கு உயர்ந்து, பிறகு மெதுவாகத் தாழ்ந்து, அடியில் இருந்த பிடி விட்டதுபோல் படகு தண்ணீரின் மேல் ஏறி ஓடத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் லேசாகிவிட்டது. படகு எழும்பும் என்று கவுண்டரில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பலகை விளிம்பைப் பிடித்திருந்த கையை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

கரைக்கு வந்ததும் மீனவரிடம், “அன்னிக்குக் கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். அவர் பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். அவர் மனைவி விடவில்லை.

“எனக்கு அப்பக் கோவந்தான் வந்துது. இவர் பன்னிரண்டு வயசுலேர்ந்து ஓட்டுறார். ஆனா நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன். வந்துட்டீங்க.”

இரண்டு பெரிய நண்டுகளைக் காலைக் கட்டி என் பையில் போட்டாள்.

பதினொன்றை மீனவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். பதிமூன்றை அவளுடைய மூத்த தம்பி தன் சின்னப் படகுக்குக் கேட்டார். எத்தனை பேர் போவீர்கள், என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். ஒரே ஆள், தூண்டில் மட்டும் என்றார். போட்டுப் பார்த்து, எஞ்சின் முனகினால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுவந்து விடுங்கள் என்று சொன்னேன். அவர் கொண்டுவரவில்லை.

பயன்படுத்திப் பார்த்த ஒன்பதைத் திங்கட்கிழமை துடைத்து முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அப்போது வசாய் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து பங்கா கேட்டார். எஞ்சினைக் கேட்டேன், படகின் நீளத்தைக் கேட்டேன். பிறகு எத்தனை பேர் போவீர்கள், ஐஸ் எவ்வளவு, வலை நனைந்தால் எவ்வளவு கனம், திரும்பும்போது பெட்டி நிறையுமா என்றெல்லாம் கேட்டேன்.

“என்ன தாயி, என் வீட்டுல சம்பந்தம் பண்ணப் போறீங்களா?” என்றார்.

“சொல்லுங்க, அப்பத்தான் கொடுப்பேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.