காளைக்குப் போன புல்

அவனியாபுரத்தில் எங்களுக்கு இரண்டு கறவை மாடுகளும் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையும் உண்டு. மாடுகளுக்கென்று நேப்பியர் புல் நட்டு, தண்ணீர் பாய்ச்சி வளர்த்தது நான். பொங்கல் நெருங்கியதும் என் கணவர் காளைக்கு இளம்புல் வேண்டுமென்று முழங்கால் உயரத்திலேயே அறுக்க ஆரம்பித்தார்.

"ஆளுயரம் வரட்டும்ங்க. இப்பவே அறுத்தா வேரோட தூரு செத்துப்போகும்" என்றேன்.

"புல்லுதான, தானா வளரும். நம்ம காளை வாடிவாசல்ல நின்னு வெளையாட வேணாமா?" என்றார்.

துளிர்க்கத் துளிர்க்க அறுத்தார். காளையும் யாரையும் தொடவிடாமல் விளையாடியது. பரிசாகக் கிடைத்த பெரிய சில்வர் அண்டாவை மாலையும் கழுத்துமாகத் தூக்கி வந்தார். அதற்குள் பாதித் தூர்கள் அழுகிவிட்டன. வெறும் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குப் பால் வற்றிவிட்டது.

"அண்டாவைக் கழுவி உள்ள வையி" என்றார்.

"இம்புட்டுப் பெரிய அண்டாவுல எதை ஊத்தி வைக்க? பாலையா?" என்று கேட்டேன்.

இப்போது புதிதாகப் புல் கரணை நட்டிருக்கிறேன். அரிவாள் என்னிடம்தான் இருக்கிறது. புல் ஆளுயரம் வளராமல் யாரையும் அறுக்க விடுவதில்லை. காளைக்கு வேண்டியதை அவரே வெளியே வாங்கிக்கொள்கிறார். அந்தப் பரிசு அண்டா தொழுவத்தில் கிடக்கிறது. என் மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன.