கண்ணிமைக்கிற நேரத்துக்குக் கதிர்

பிரவீனாவுக்குத் தப்பு என்றாலே ஆகாது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பாள். நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசுக்கு வந்து, ஊரார் வெப்சைட்டுகளில் கோளாறு பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றுக்காக அவள் ஒரு பக்கம் செய்திருந்தாள். வடக்கே போர்வெல் போடப் போன பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டார் போனில் பார்த்துக்கொள்ளலாம். பக்கம் முதலில் சர்வரில் தயாராகி வரும். வந்ததும் போன் அதையே தன் பங்குக்கு மறுபடி கட்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருடைய பக்கத்தில் மட்டும் அப்படி இல்லை. சர்வர் பழைய நகலை எடுத்து ‘கதிர், வண்டி ஓட்டத்தில்’ என்று பச்சையில் அனுப்பியது. போன் புது விவரத்தைப் பார்த்து, கண்ணிமைப்பதற்குள் அதை அழித்துவிட்டு, ‘இந்தப் பெயரில் ஆள் இல்லை’ என்று காட்டியது.

அந்தக் கோளாறு நாளெல்லாம் பதிவாகிக்கொண்டே இருந்தது, அதுவும் ஒரே போனிலிருந்து. சலித்துப்போய் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவர் கதிரின் அப்பா சின்னான்.

“ஏனுங்கய்யா, அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் தொறக்கறீங்களே, ஏதாச்சும் வேணுங்களா?”

“பையன் போயிட்டானுங்க அம்மிணி. சத்தீஸ்கர்ல வண்டி கவுந்துருச்சு. ஆனா தொறந்ததும் மின்னலாட்டம் அவன் பேரு வருது பாருங்க, வண்டி ஓட்டத்துலன்னு. அதுக்குத்தானுங்க.”

“அது கோளாறுங்கய்யா.”

“இருந்துட்டுப் போவட்டுமுங்க.”

அவளும் விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் விஷயம் ரிக் கம்பெனி முதலாளி காதுக்குப் போய்விட்டது. செத்தவன் ஓடுகிறான் என்று காட்டினால் மற்ற வீட்டுப் பெண்கள் இதை எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பாழாய்ப் போன நியாயம். அன்று சாயங்காலம் பிரவீனா அதைச் சரிசெய்தாள். சின்னானிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார்.

“அம்மிணி, நெட்டு சரியில்லீங்களா? பையன் வரவே மாட்டேங்கறானுங்க.”

அவள் கதிரின் பக்கத்தைத் திறந்தாள்; ‘இந்தப் பெயரில் ஆள் இல்லை’ என்றது.

“கொஞ்சம் பாத்துச் சொல்லு சாமி. நான் லைன்லயே இருக்கறேன்.”

பிரவீனா போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். மறுமுனையில் அவர் காத்துக்கொண்டிருந்தார்.