அரை விரல் குறைந்த ஏர் ஃபில்டர்

போன வாரம் விழுப்புரம் பைபாஸ் ஓரத்து சர்வீஸ் சென்டரில் நான் போட்ட சத்தத்தில், உள்ளே ஏசியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். என் காருக்குப் புது ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தார்கள். பழசைக் காட்டுங்கள் என்றேன். "அது குப்பைக்குப் போயிடுச்சு சார். சிஸ்டத்துல வண்டி நம்பர் அடிச்சோம், இதான் வந்துச்சு," என்றார் கவுண்டரில் இருந்தவர். மூடியைத் திறக்கச் சொன்னேன். ஃபில்டர் பெட்டிக்குள் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்தில் சுண்டு விரல் நுழையும். வந்ததே எனக்கு ஆத்திரம்!

"ஏங்க, ஒரு காயிதத் தட்டுக்கா இம்மாங் கத்து கத்துறீங்க? பி.பி. ஏறிடப்போவுது," என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். காயிதத் தட்டாம்! ஆறு வருஷம் நான் விற்ற சாமான் அது. புதுசைப் பிரித்ததும் காகிதமும் ரப்பரும் கலந்து ஒரு வாசனை வரும். அன்றைக்கும் வந்தது. கோபம் இரண்டு மடங்கானது அந்த வாசனையால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ஆறு வருஷமும் திண்டிவனத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எனக்குக் கவுண்டர் வேலை. யார் வந்து ஏர் ஃபில்டர் கேட்டாலும், "பழசு எங்க?" என்றுதான் முதலில் கேட்போம். வண்டியின் பேரைச் சொன்னால் போதாது. ஒரே பேரில் பெட்ரோலும் இருக்கும், டீசலும் இருக்கும். வருஷத்துக்கு வருஷம் அளவை வேறு மாற்றித் தொலைப்பார்கள். பழசைக் கவிழ்த்து, அதன்மேல் புதுசை வைத்து, நீளம், அகலம், உயரம் பார்த்து, ரப்பர் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிய பிறகுதான் கொடுப்போம். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன், ஏதோ நாடி பார்க்கிற வைத்தியன் மாதிரி. அந்தத் திமிரை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

தூசுக்குப் பஞ்சமில்லாத பக்கம் எங்களுடையது. மயிலம் ரோட்டில் ஜல்லி லாரிகள் ஓயாது. அறுவடை நாளில் கேப்பைக் கதிரை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் மிதித்துத் தர வேண்டும். பழைய ஃபில்டரைத் தட்டினால் கைநிறைய மண் கொட்டும். அந்த மண் இஞ்சினுக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கோட்டக்குப்பத்துக் காதர் பாய் வளைகுடா நாட்டில் பதினொரு வருஷம் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். டீசல் கார் ஒன்றை வாங்கி ஏர்போர்ட் சவாரி ஓட்டினார். "இனிமே ஊருதான் தம்பி. லீவுல வந்தா எம் பொண்ணு, 'யாரும்மா இவரு'ன்னு கேக்குது. போதும்பா அந்தப் பொயப்பு," என்பார்.

ஒருநாள் பழைய ஃபில்டரோடு வந்தார். "ஜல்தி குடு தம்பி, சவாரி இருக்குது." அந்த அளவு கடையில் இல்லை. அதே காரின் அடுத்த வருஷத்து மாடலுக்கானது இருந்தது. அகலத்தில் அரை விரல் குறைவு. நாளைக்கு வாங்க பாய் என்றிருக்கலாம். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "வந்த கிராக்கிய வுடாத. சைக்கிள் டியூப்ப வெட்டி ஓரத்துல ஒட்டிக் குடு. உக்காந்துக்கும்."

ஒட்டினேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அழகாகவே ஒட்டினேன். அட்டைப் பெட்டியில் போட்டு மூடிக் கொடுத்தேன். பாயின் மெக்கானிக் அதை அப்படியே மாட்டிவிட்டார்.

நாலைந்து மாதம் கழித்து பாய் அந்த ஃபில்டரைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். சூட்டில் பசை இளகி, டியூப் துண்டு பிய்ந்து தொங்கியது. "இஞ்சினு பூரா மண்ணு தம்பி. ரிங்கு, போரு எல்லாம் தேஞ்சிபோச்சு. வண்டி பொகையா கக்கிக்கினு நின்னுடுச்சு. இத ஒட்டுனது யாரு?"

முதலாளி நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. "ஒங்க மெக்கானிக்க கேளுங்க பாய். நம்ம கடையில இந்த வேலையே கெடையாது."

பாய் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. நீ சொன்னா நம்புறேன்."

"நாங்க ஒட்டல பாய்," என்றேன்.

நம்பினார். நேராகப் போய் அந்த மெக்கானிக்கிடம் சண்டை போட்டாராம். இருபது வருஷச் சிநேகிதமாம், அதோடு முறிந்ததாம். கார் பழைய இரும்புக்குப் போனது. பாய் மறுபடியும் விமானம் ஏறினார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். முதலாளி செத்துவிட்டார். செத்தவரைத் திட்டக் கூடாதாம். நான் தினமும் திட்டுகிறேன். பழசைக் கொண்டுவந்து வைத்து, முகத்தைப் பார்த்து "யாரு செஞ்சது?" என்று கேட்க இன்று அந்தக் கவுண்டர்கூட இல்லை. சர்வீஸ் சென்டரில் அந்த மனிதரை நான் அத்தனை பேச்சுப் பேசியிருக்க வேண்டாம். அவராவது மாட்டியது நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சண்டைக்கு மறுநாள் கோட்டக்குப்பம் போனேன். பாய் போன இடத்திலேயே இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். "நீங்க யாரு? இன்னா விசயமா வந்தீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதாங்க. தெரிஞ்சவரு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கும் வாய் வரவில்லை. ஒட்டினது நான்தான்.