மூத்தாளின் எடை

அவருக்கு ‘ரிசர்வ்’ என்று பெயர் வைத்தது கூட வேலை பார்த்தவர்கள். செல்போன் டவர்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அவர். ஊரின் கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டினால் வெறும் பொட்டல்தான். அந்தப் பொட்டலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற டவர்களெல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, போகும் போகும் என்று கிளம்பிவிடுவார்கள். இவர் மோட்டார் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து, கழுத்துவரை ஊற்றச் சொல்லி, நுரை அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். எதிர்க்காற்றுக்கு இவ்வளவு, மணலுக்கு இவ்வளவு என்று மனசுக்குள் கழித்துக்கொண்டே வருவார். டேங்க் அடியில் மிஞ்சுகிற ரிசர்வுக்குப் பெட்ரோல் குழாயைத் திருப்ப வேண்டி வந்தால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

பங்கில் பெட்ரோல் போடுகிறவர் சீண்டுவார்.

“ஏன் ரிசர்வு, பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் கணக்குப் போட்டீங்களா?”

“ஆமா. திரும்பி வர்றதுக்கும் சேத்து” என்பார் இவர், சிரிக்காமல்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை நடுப்பொட்டலில் பெட்ரோல் தீர்ந்து, வெயிலில் வண்டியைத் தள்ளி, பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரைக் குடித்து உயிர் பிழைத்தவர். சரி, கேனில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போகலாமே என்றால், அதற்கும் ஒரு கதை இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டு போனபோது, கேன் கசிந்து சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்து, அவருக்கு ஒரு கால் முழங்கால்வரை வெந்துபோனது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் இவர்தான். அதற்குப் பிறகு கேன் என்ற பேச்சை யாரும் இவரிடம் எடுக்கக் கூடாது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். வாய்த்துடுக்கு உண்டு, கோபம் கிடையாது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே அக்கா. தாயில்லாப் பிள்ளையைத் தலை பின்னி, சோறூட்டி வளர்த்த அக்கா. அந்த அக்கா பொட்டலின் மறு ஓரத்தில், உப்பு எடுக்கிற இடத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். கணவன் இறந்தான், பிறகு இடுப்பு எலும்பு உடைந்து கட்டிலோடு கிடந்தாள். ஆற்றுப்பாலம் இடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. உப்பு லாரிகள் வேறு திசையில் போய்விடும். போகவேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள்தான், நடுவில் சொட்டுப் பெட்ரோல் கிடைக்காத முந்நூற்று அறுபது கிலோமீட்டர்.

அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுவார்கள். “நான் ஏறி எறங்குற டவர்லதான் நீங்க பேசுறீங்க” என்று இவருக்கு அதில் ஒரு பெருமை.

“பேசி என்னங்க செய்ய? ஒரு தடவை மொகத்தப் பாக்கணும்” என்பாள் அவள்.

அவர் கணக்குப் போட்டுக் காட்டுவார். தனி ஆளாகப் போனால், ரிசர்வையும் சேர்த்து, மூச்சுப் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு பேர் ஏறினால் முப்பது கிலோமீட்டர் முன்னாலேயே வண்டி நின்றுவிடும். “உன்னை அந்த வெயில்ல நிக்க வச்சுட்டு நான் என்ன செய்வேன், சொல்லு.” அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். கணக்கில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அவளுக்குச் சண்டையெல்லாம் பெட்டியோடுதான். வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள், பின்னால் ஒரு கனமான பேட்டரி, கேபிள் சுருள். வண்டி வாங்கின வாரமே கம்பெனியில் பொருத்திக் கொடுத்தது. எந்த நேரத்தில் எந்த டவர் படுக்கும் என்று தெரியாது, அதனால் லீவு நாளிலும் அவர் அதைக் கழற்றியதில்லை. நட்டெல்லாம் துருப்பிடித்து வண்டியோடு வண்டியாகவே ஆகிவிட்டது. எங்கே போனாலும் பேட்டரிக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் அவள் ஒடுங்கி உட்கார வேண்டும். “அதுதான் மூத்தாள். நான் இளையாள்தானே, கிடைக்கிற எடத்துல குந்திக்கணும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. பழைய இரும்புக் கடையில் பெரிய டேங்க் ஒன்று தேடிப் பிடித்தார். அது ஒட்டுப்போட்ட இடத்தில் கசிந்தது. பற்றவைக்கக் கொடுத்தார். அது வருவதற்குள் மழை பிடித்தது. மழை விட்டதும் ஒரு டவர் சாய்ந்து, லீவு கிடையாது என்றார்கள். “அடுத்த தடவை கண்டிப்பா” என்றார். “அக்கா எங்கயும் ஓடிப்போயிடாது, விடுங்க” என்றாள் அவள்.

ஓடிப்போனது அக்கா இல்லை. ஒரு சாதாரணக் காலையில், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவால் வர முடியாது. போனைத் தங்கையின் காதில் வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார். உயிரில்லாத காதுக்கு அக்கா வெகுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை, கேட்கும் தைரியமும் இல்லை.

காரியங்கள் முடிந்து வீட்டுக்குள் வந்தபோது மெஷின் ஊசிக்கடியில் ஒரு துணி அப்படியே மாட்டியிருந்தது. கட்டிலில் கிடக்கிற அக்காவுக்குப் போட்டுவிடச் சௌகரியமாக, முன்பக்கம் திறக்கிற தளர்வான கவுன். ஒரு கை தைத்தாயிற்று, இன்னொரு கை பாதியில் நின்றது.

அவர் வேலையை விட்டார். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து, நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, பெட்டிகளையும் பேட்டரியையும் கழற்றி எடுத்துப் போனார்கள். ஒரு பெட்டியைத் தூக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வண்டியின் சொந்த டேங்கையே நிரப்பி, கவுனை ஒரு பையில் போட்டு மாட்டிக்கொண்டு, தனியாகக் கிளம்பினார். பங்கில் இருந்தவர் அன்று சீண்டவில்லை.

வறண்ட ஏரியைத் தாண்டியதும் பெட்ரோல் குறைந்து வண்டி இருமும், ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும் என்பது கணக்கு. ஏரி வந்தது. இடது கையைக் குழாய்மேல் வைத்துக்கொண்டே ஓட்டினார். வண்டி இருமவில்லை. கடைசி டவர் வந்தது, அதையும் தாண்டினார். ஒருவேளை குழாய் ஏற்கெனவே ரிசர்வில் இருக்கிறதோ, தீர்ந்தால் ஒரேயடியாக நின்றுவிடுமோ என்று பயந்துபோய் இறங்கிப் பார்த்தார். குழாய் சரியாகத்தான் இருந்தது.

இடிந்த பாலத்துக்கடியில் ஆற்றுமணலில் இறங்கி ஏறியபோதும் அது இருமவில்லை. அங்கே வண்டியை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். டேங்குக்குள் பெட்ரோல் தளும்பியது. தீர்ந்துபோகிற வண்டியின் சத்தம் இல்லை அது. எங்கே தப்பு என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் கம்பி.

வண்டி இவ்வளவுதான் ஓடும் என்று அவர் வைத்திருந்த கணக்கு முழுக்க அந்தப் பெட்டிகளோடு ஓட்டிப் பார்த்த கணக்கு. அதன் மேல்தான் அவளை ஏற்றிப் பார்த்தார். அதை இறக்கிவிட்டு அவளை ஏற்றலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தோன்றவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற பெட்டிகள். அவளை ஒருமுறை காய்ச்சலில் அவர் ஒருவரே தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறார். மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அங்கே கேட்க யாரும் இல்லை.

மதியம் தாண்டி உப்புக் குடியிருப்பில், ஒற்றை ஜன்னல் வைத்த அந்த அறைக்குள் போனார். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கவுனை வாங்கி, பாதியில் நின்ற கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“வழியில பெட்ரோல் பத்துச்சா தம்பி?”

பொய் சொல்லிவிடலாம். தங்கை போன துக்கத்தோடு அக்காவுக்கு இது வேறு எதற்கு என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் தனியாகச் சுமக்க முடியவில்லை.

“பத்துச்சு அண்ணி. மிச்சமே இருக்கு” என்றார். “ரெண்டு பேருக்கும் பத்தியிருக்கும். நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். கவுனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நான்கூட அவகிட்ட ஒரு தடவை கேட்டேன் தம்பி. எப்படியாவது வரப் பாரு, அவர் சும்மா பயப்படுறாரோ என்னமோன்னு. என்மேலயே கோவப்பட்டா. ‘அவரு கணக்கு ஒருநாளும் தப்பாதுக்கா’ன்னு போனை வச்சுட்டா.”

வாழ்நாளில் அவள் அக்காவிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதானாம்.