சிவப்பு நூலால தைச்ச மண்பைகள்

பைகள் மாறிப்போச்சு எண்டு அந்த மனிசன் சொன்ன நேரம் எனக்கு ஏறின கோபம் இண்டைக்கும் முழுசா இறங்கேல்லை.

அவர் என்ரை பேராசிரியர். நான் ஜேர்மனியில டிப்ளோம் படிப்பின்ரை கடைசி வருசம். என்ரை ஆராய்ச்சிக்காக வட சுவீடனில, சின்னச் சின்ன நைலோன் பைகளில ஒரே மண்ணை நிரப்பிப் புதைச்சனான். அரைவாசி வெள்ளைப்பட்டை பிர்ச் மரங்களுக்குக் கீழ, மிச்சம் மரமில்லாத பத்தைவெளியில. பைத்துணியின்ரை ஓட்டைக்குள்ளால வேர் போகாது, பூஞ்சண இழை மட்டும் போகும். ஒரு வருசத்தால தோண்டியெடுத்து, மண்ணில எவ்வளவு காபன் மிஞ்சியிருக்கெண்டு பாத்தன்.

வடக்கு சூடாகச் சூடாக மரங்கள் பரவும், மரம் கூடினா நிலமும் காபனைக் கூடச் சேமிக்கும். பேராசிரியர் வருசக்கணக்காச் சொல்லிவந்த கதை இது. என்ரை பைகள் வேற கதை சொல்லிச்சுது. மரத்துக்குக் கீழ கிடந்த மண்ணிலதான் காபன் குறைவு! மரத்தின்ரை வேரோட சேர்ந்து வாழுற பூஞ்சணம், மரத்துக்கு நைதரசன் எடுத்துக் குடுக்கவெண்டு, கனகாலமாக் கிடந்த பழைய மக்கைக் கிண்டித் திண்டிருக்கு. காபன் காத்தோட போட்டுது.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "லேபலுகள் மாறியிருக்கும். ஈரத்தில அப்பிடி நடக்கிறதுதான். ஆய்வேட்டில இந்தப் பகுதியை எடுத்துவிடுங்கோ, நல்ல மார்க்கோட முடிக்கலாம்."

எடுக்கிறதோ? ரெண்டு கோடை நுளம்புக்கடி வாங்கினது நான், இவரில்லை. ஆனா மாறேல்லை எண்டு காட்ட என்னட்டை என்ன இருந்தது? பின்னேரம் பீலெஃபெல்ட் நகரத்தில இருக்கிற அம்மாவுக்கு ரெலிபோன் அடிச்சு, அழாக்குறையாச் சொன்னன்.

"நான் சிவப்பும் வெள்ளையுமா எல்லோ தைச்சுத் தந்தனான்? பாத்தனியோ?"

எனக்கு என்ரை தலையில நானே குட்டவேணும் போல இருந்தது. அம்மா எங்கட சனத்துக்குச் சீலைச்சட்டை தைக்கிறவ. ஒண்டோடொண்டு மாறாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிற நூல் வைச்சு உள்தையல் போடுவா. உலகக்கோப்பை நடந்த கோடையில, தெருவெல்லாம் சனம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு திரிய, "மண்ணுக்கும் சட்டை தைக்க வைச்சிட்டாய்" எண்டு புறுபுறுத்தபடி என்ரை பைகளைத் தைச்சவ. ஒரே நூல் காணும் எண்டன். "விசர்க்கதை கதையாதை. சிவப்பு மரத்துக்கு, வெள்ளை பத்தைக்கு" எண்டிட்டா. ஏச்சுக்குப் பயந்து அப்பிடியே புதைச்சனான்.

அடுத்தநாள் காலமை, லேபல் கட்டினபடி கிடந்த வெறும் பைகளையும், ஒவ்வொரு குழியிலயும் எடுத்த படங்களையும் அவரின்ரை மேசையில பரப்பினன். மரத்து லேபல் கட்டின பை ஒவ்வொண்டும் சிவப்பு நூல்; மரத்தடிக் குழிப் படங்களிலயும் அதே சிவப்பு.

"எது மாறினது? காட்டுங்கோ."

ஒவ்வொண்டாத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு, "சரி, கடைசியில பின்னிணைப்பாப் போடுங்கோ" எண்டார்.

"ஏலாது" எண்டன். முதல் அத்தியாயத்திலயே போட்டன், பையின்ரை படத்தோட.

இஞ்ச ஒண்டுதான் உச்ச மார்க், எண் கூடக்கூட மார்க் குறைவு. எல்லாத்துக்கும் ஒண்டு வாங்கிவந்த எனக்கு அவர் மூண்டு போட்டார்.

அச்சடிச்ச ஆய்வேட்டை அம்மா மடியில வைச்சு, படத்தில தெரிஞ்ச சிவப்புத் தையலை விரலால தடவிப் பாத்தா.

"எத்தினை குடுத்தவர்?"

"மூண்டு."

"பிழை ஏதும் கண்டுபிடிச்சவரோ?"

"இல்லை."

"அப்ப அந்த மார்க்கை அவரே வைச்சிருக்கட்டும்."