ஏழாவது விதியை வெட்டினோம்

என் சிநேகிதியின் மாப்பிள்ளை கல்லோயா அணைக்கட்டுத் திட்டத்தில் லொறி ஓட்டினார். அங்கே வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் சாமான்களை ஆளாளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சைக்கிளையும் மேசை விளக்கையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு மிஞ்சியது ஒரு மரப்பெட்டி. எங்கள் மருதமுனையில் அவள் வீட்டில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைகள் பிறந்தால் விளையாடட்டும் என்றாராம். அதுவரைக்கும் காத்திருக்க அவளுக்கு மனமில்லை. எனக்கு ஆளனுப்பினாள்.

எங்கள் இருவருக்கும் அப்போது பத்தொன்பது வயது. ஓதப்பள்ளியில் ஒரே பாயில் இருந்து குர்ஆன் ஓதியவர்கள். நான் எட்டாம் வகுப்புவரை இங்கிலிஷ் படித்தேன். பெரியபிள்ளை ஆகிவிட்டேன் என்று அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு அப்போதும் ஆறவில்லை, இப்போதும் ஆறவில்லை.

பெட்டிக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். பாதிப் பேர் தலை முதல் கால்வரை இரும்பு போர்த்து, கேடயத்தில் சிலுவை வரைந்தவர்கள். மறுபாதி தலைப்பாகை கட்டி வளைந்த வாள் பிடித்தவர்கள். துவக்கும் வெடிமருந்தும் வருவதற்கு முந்திய காலத்து யுத்தம். அடியில் இரண்டு பகடைகளும், டைப் அடித்த ஒன்பது தாள்களும் கிடந்தன. அந்த எஞ்சினியர் தானே யோசித்து எழுதிய விதிகள் போலிருந்தது. அங்கங்கே பேனையால் திருத்தியிருந்தார்.

தறியிலிருந்து இறக்கிய பச்சைத் துணி ஒன்றை அறைக்குள் விரித்தோம். தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து மலையாக்கினோம். குதிரைக்காரன் எட்டு அங்குலம் போகலாம், காலாள் நாலு அங்குலம்தான். நெசவு வீட்டில் அளவு நாடாவுக்கா பஞ்சம்? நான் அகராதியைப் பார்த்துப் பார்த்து வாசிக்க, அவள் சிப்பாய்களை நகர்த்தினாள். முதல் நாள் முழுவதும் அணிவகுக்கவே சரியாகிவிட்டது.

இரண்டாம் நாள்தான் உண்மையான சண்டை. தலைப்பாகைப் படையை அவள் கேட்டு வாங்கினாள். சிலுவைப் படை எனக்கு. கொஞ்ச நேரத்திலேயே அவளுடைய தலைவன் விழுந்தான். நான் ஏழாவது விதியை வாசித்தேன்.

"மறுகா?" என்றாள், அப்புறம் என்ன என்பதுபோல.

"மறுகா ஒண்டுமில்ல. உன்ட ஆக்கள் எல்லாரும் ஓடணும்."

"என்னத்துக்கு ஓடணும்? இன்னும் பதினெட்டுப் பேர் இரிக்காங்களே."

"தலைவன் விழுந்தா தலைப்பாக்காரங்க சிதறி ஓடணுமாம். அப்பிடித்தான் எழுதியிரிக்கி."

"அப்ப உன்ட தலைவன் விழுந்தா?"

தாளைப் புரட்டினேன். "மத்தவங்க நிண்டு சண்டை பிடிக்கலாம்."

அவள் என்னை நம்பவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் காட்டச் சொன்னாள். காட்டினேன். பிறகு எழும்பிப் போய், நெசவுக்குக் கணக்குப் போடும் பென்சிலை எடுத்துவந்தாள். ஏழாவது விதியின் மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.

"எழுதினவன் ஊருக்குப் போயிட்டான். பெட்டி இப்ப என்ட," என்றாள்.

வியாழக்கிழமைதோறும் விளையாடுவதென்று வைத்துக்கொண்டோம். அடுத்த வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன், என் காக்கா என்னைத் தேடி வந்தார். உடன்பிறப்புகளில் எனக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். துணியும் சிப்பாய்களும் கண்ணில் படுமுன் என் கையிலிருந்த பகடைகள்தான் பட்டிருக்க வேண்டும்.

"பகடை ஹறாம் எண்டு தெரியாதா உனக்கு? எழும்பு, வா."

"காசு வெச்சு விளையாடல்ல காக்கா."

"வெச்சாலும் வெக்காட்டியும் ஹறாம்தான்."

அவர் சொன்னது நாங்களும் ஓதப்பள்ளியில் கேட்டதுதான். அதில் நான் வாதாடவில்லை. இரண்டு பகடைகளையும் அவர் கையில் வைத்தேன். கணக்குத் தாள் ஒன்றை ஆறு துண்டாகக் கிழித்து, ஒன்று முதல் ஆறுவரை எழுதி, வெறும் பால் டின்னுக்குள் போட்டுக் குலுக்கினேன். அதுவும் இதுவும் ஒன்றல்லவா என்று இன்று யாராவது கேட்டால் எனக்கு நல்ல பதில் இல்லை.

"இனி என்ன பிழை?" என்று கேட்டேன்.

"பொம்புளைகளுக்கு என்னத்துக்கு யுத்தம்?" என்றார்.

ஆக, பகடையில் இல்லை விஷயம்.

சிநேகிதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் வந்தாள். "காக்கா, இது என்ட உம்மா வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இதுக்குள்ள என்ன விளையாடுற எண்டு நான்தான் சொல்லணும்."

அவள் அவ்வளவு தணிந்த குரலில் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காக்கா என்னைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்த நிப்பாட்டக்குள்ள நான் ஒண்டும் கதைக்கல்ல," என்றேன். "இப்ப எழும்ப மாட்டன்."

பகடைகளை மடியில் செருகிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் கால்களை மடித்துத் துணியோரம் உட்கார்ந்துகொண்டேன். "உன்ட முறை," என்றாள். டின்னைக் குலுக்கி எடுத்தேன்.

அன்றும் அவளுடைய தலைவன் விழுந்தான். அவளுடைய ஆட்கள் சிரட்டை மலையைப் பிடித்துக்கொண்டு பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்கும்வரை நின்றார்கள். கடைசியில் வென்றது நான்தான். அதற்குள் என் குதிரைக்காரர்களில் மூன்று பேர்தான் மிச்சம்.

காக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேள் என்று உம்மா சோறு போடும்போதெல்லாம் சொன்னார். கேட்க ஒன்றுமில்லை என்றேன். பெருநாள் காலையில் காக்காவாகவே வந்து சலாம் சொன்னார். நானும் பதில் சலாம் சொன்னேன். அந்த வியாழக்கிழமையும் சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போனேன்.